பில்லில் எச்ஆர்சி ஃபியூஸ், உள்ளே செம்புக் கம்பி

பெங்களூரில் கிடங்கோ பட்டறையோ வைத்திருப்பவர்கள் இதை அவசியம் படியுங்கள். பீன்யாவில் எங்கள் துணிக் கிடங்கின் 250 வாட் சோடியம் விளக்குகளுக்குச் சோக் (விளக்கில் ஓடும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சுருள்) மாற்றும் வேலையைத் தமிழ் பேசும் ஓர் ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தோம். விளக்குக்கு ஒன்றாக எச்ஆர்சி ஃபியூஸ் (பெரிய ஷார்ட்டையும் வெடிக்காமல் துண்டிக்கும் வகை) என்று பில் போட்டுப் பணம் வாங்கினார். மாட்டியதோ 3 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ், அதுவும் சட்டென்று உருகும் வகை.

இந்த விளக்கு எரியும்போதே சோக் வழியாகச் சுமார் 3 ஆம்பியர் ஓடும். சூடேறும் வரை இன்னும் கூடுதல். சுவிட்சைப் போடும் கணத்தில் கெப்பாசிட்டர் (மின்தேக்கி) இழுப்பது தனி. அந்த ஃபியூஸ் எப்படித் தாங்கும்? மாலையானால் ஒவ்வொன்றாகப் போனது. புகார் சொன்னதும் அவருடைய ஆள் ஏணியில் ஏறி ஏதோ செய்துவிட்டு, "இனிமேல் போகவே போகாது அண்ணே" என்றான். போகவில்லைதான். ஃபியூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பி இழைகளை முறுக்கி வைத்திருந்தான்.

பிறகு ஒரு சோக்கின் சுருள் உள்ளேயே ஷார்ட் ஆனது. வார்னிஷ் கருகிப் புகைந்து, உருகிய பிசின் கீழே அடுக்கியிருந்த துணிக்கட்டுகள் மேல் சொட்டியது. காவலாளி நாற்றம் பிடித்து மெயினை அணைத்ததால் கிடங்கு தப்பியது. லைனில் 16 ஆம்பியர் எம்சிபி (மின்னோட்டம் மீறினால் தானே அணையும் சுவிட்ச்) இருக்கிறதே என்று கேட்பீர்கள். பழுதான சோக் இழுப்பதையும் சேர்த்து லைனில் ஓடுவது 16 ஆம்பியருக்குக் கீழே இருந்தால் எம்சிபி அசையாது. சோக் மட்டும் வெந்துகொண்டே இருக்கும். விளக்குக்கு ஒரு ஃபியூஸ் கேட்பது இதற்காகத்தான்.

மற்ற விளக்குகளைத் திறந்தால் பாதிக்கு மேல் இதே கம்பி. ஒப்பந்தக்காரர் வோல்டேஜ் மேல் பழி போடுகிறார், பணம் திரும்பவில்லை. துணிக்கு நடுவே இப்படிச் செய்ய எப்படி மனம் வந்ததோ!

வேலை முடிந்ததும் ஏணி போட்டு, நாலைந்து ஃபியூஸ் கேரியர்களை (ஃபியூஸ் மாட்டும் கூடுகளை) கழற்றிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். தொடக்க இழுப்பைத் தாங்கித் தாமதமாக உருகும் ஃபியூஸ் வேண்டும். அளவைச் சோக் தயாரிப்பாளரின் அட்டவணை சொல்லும், அதைக் கேட்டு வாங்குங்கள். சாதாரணக் கண்ணாடி ஃபியூஸ் பெரிய ஷார்ட்டில் வெடித்துவிடக்கூடும். பீங்கான் உடலுள்ள எச்ஆர்சிதான் அதைத் துண்டிக்கும். பில்லில் ஆம்பியரோடு வகையையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.