எச்சரிக்கை: "பழைய வண்டிதானே" என்று சொல்லி டிக்கி கண்ணாடியில் ஏமாற்றுகிறார்கள்

ஸ்கார்பியோ, சஃபாரி, டவேரா என்று பத்துப் பதினைந்து வருடம் ஓடிய பெரிய வண்டி வைத்திருப்பவர்கள், பின்கண்ணாடி உடைந்து மாற்றப் போவதாக இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கோயம்புத்தூரில் ஒரு கார் கண்ணாடிக் கடையில் எனக்கு நடந்தது இது. நுகர்வோர் புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் என்னென்ன செய்தார்கள் என்பதை ஒன்று விடாமல் சொல்கிறேன். ஏனென்றால் இது ஒரே ஒரு கடையில் மட்டும் நடக்கிற வேலை இல்லை என்று பின்னால் விசாரித்தபோது தெரிந்தது.

வண்டி 2009 மாடல் ஸ்கார்பியோ, டீசல். பதினைந்து வருடம் முடிந்ததும் ஆர்.டி.ஓ.வில் காட்டி, இன்னும் ஐந்து வருடத்துக்கு ஆர்.சி. புதுப்பித்து வைத்திருக்கிறேன். இன்ஜின் இன்றைக்கும் குறை சொல்ல முடியாது. வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தபோது தெருப் பையன்கள் அடித்த கார்க் பந்து டிக்கி கண்ணாடியில் பட்டது. பட்ட இடம் மட்டும் உடையவில்லை; முழுக் கண்ணாடியும் கற்கண்டு மாதிரி பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. பின்கண்ணாடி அப்படித்தான் உடையும். அது டஃபன்ட் கண்ணாடி. முன்கண்ணாடி லேமினேட்டட், நடுவில் பிளாஸ்டிக் தாள் இருப்பதால் விரிசல் விட்டாலும் அப்படியே நிற்கும். டஃபன்ட் கண்ணாடியில் ஓட்டை அடைத்து ரிப்பேர் செய்கிற பேச்சே கிடையாது, முழுசாக மாற்றித்தான் ஆக வேண்டும். இது கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். மழைக்காலத்தில் பின்பக்கம் திறந்து கிடக்கும் வண்டியோடு வருகிறவன் பேரம் பேச மாட்டான் என்பதும் தெரியும்.

கடைக்காரர் வண்டியைப் பார்த்ததுமே, "அண்ணா, கம்பெனி கண்ணாடியே போட்டுரலாம், டீஃபாகர் கோட்டோட வரும், பேஸ்டிங் எல்லாம் சேர்த்து 11,500 ஆகும்" என்றார். டீஃபாகர் என்பது கண்ணாடியில் படியும் ஆவியைச் சூட்டில் போக்குகிற மின்கம்பிக் கோடுகள். இன்சூரன்ஸில் போட முடியுமா என்று கேட்டேன். "பதினஞ்சு வருச வண்டிக்கெல்லாம் கண்ணாடி க்ளெய்ம் வராதுங்கண்ணா, தேய்மானத்துலயே பாதி போயிரும்" என்று ஒரே போடாகப் போட்டார்.

இது பச்சைப் பொய். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் கண்ணாடிக்கு எதுவும் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் ஃபுல் இன்சூரன்ஸ் என்று நாம் சொல்கிற பேக்கேஜ் பாலிசி இருந்தால் கண்ணாடி உடைவதும் அதில் அடங்கும். ரப்பர், பிளாஸ்டிக் சாமான்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். கண்ணாடிக்குத் தேய்மானம் பூஜ்யம். வண்டிக்கு எத்தனை வயதானாலும் அந்த விதி மாறாது. 1500 சிசிக்கு மேற்பட்ட கார் என்றால் கட்டாயப் பிடித்தம் 2,000 ரூபாய், அதை நாம் போட வேண்டும். க்ளெய்ம் எடுத்தால் நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் எடுக்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, போகலாம். அந்தப் போனஸ் தொகையையும் கண்ணாடிச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து நாம்தான் முடிவு செய்ய வேண்டும். கண்ணாடிக் கடைக்காரர் செய்கிற முடிவு அல்ல அது. அவர் ஏன் தடுத்தார் என்பதும் எனக்கு இப்போது விளங்குகிறது: இன்சூரன்ஸ் வந்தால் சரியான பில் வேண்டும், போட்ட கண்ணாடியின் விவரம் வேண்டும், போட்டோ வேண்டும். அதில் எதுவும் அவரால் கொடுக்க முடியாது. உடைந்த வண்டியைக் கடைக்கு எடுத்துப் போவதற்கு முன்னாலேயே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். பிரித்த பிறகு சொன்னால் அவர்கள் கேள்வி கேட்பார்கள்.

முன்பணம் 5,000 வாங்கிக்கொண்டு சாயங்காலம் வண்டியைக் கொடுத்தார்கள். கண்ணாடியில் பெரிய கண்ணாடிக் கம்பெனி ஒன்றின் பெயர் போட்ட ஸ்டிக்கர். உள்ளே ஏறினால் மூக்கைத் துளைக்கிற புளித்த வாடை, வினிகர் பாட்டிலைத் திறந்த மாதிரி. கேட்டதற்கு, "புது பேஸ்ட் வாசம்ணா, ரெண்டு நாள்ல போயிரும்" என்றார்கள்.

அந்த வாடையைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கார் கண்ணாடி ஒட்ட வேண்டியது பாலியூரித்தேன் பசையில். கடைகளில் பி.யு. சீலண்ட் என்பார்கள். அதில் இந்த வாடை வராது. வினிகர் வாடை வருவது பாத்ரூமிலும் ஜன்னலிலும் அடிக்கிற சாதாரண சிலிக்கானில். அது காயும்போது அசிட்டிக் அமிலம் வெளிவிடும். வினிகரில் இருப்பதும் அதேதான். அந்த அமிலம் இரும்புத் தகட்டை அரிக்கும். அதாவது கண்ணாடியைப் பிடித்து நிற்க வேண்டிய விளிம்பையே அந்தப் பசை துருப்பிடிக்க வைக்கும். வண்டிக் கண்ணாடியைத் தாங்குகிற பலமும் அதற்குக் கிடையாது.

அப்புறம் வடகிழக்குப் பருவமழை வந்தது. முதல் மழையிலேயே பின்சீட்டுக்கு அடியில் மேட் நனைந்து நாற ஆரம்பித்தது. டிக்கியை அடித்துச் சாத்தும்போதெல்லாம் கதவுக்குள் கலகலவென்று சத்தம். உடைந்த கண்ணாடித் துண்டுகளை டிரிம்முக்குள் (உள்பக்கத்து பிளாஸ்டிக் மூடிக்குள்) அப்படியே விட்டுவிட்டு மூடியிருந்தார்கள். பின்சீட் பெல்ட்டை இழுத்த என் மகளின் விரலைக் கிழித்தது அப்படி ஒரு துண்டுதான்.

இதையெல்லாம்கூட பொறுத்திருப்பேன். கோத்தகிரிக்குப் போனபோது நடந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறியதும் மழையோடு மூடுபனி. பின்கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. டீஃபாகர் சுவிட்சைப் போட்டேன், சுவிட்சில் லைட் எரிகிறது, கண்ணாடி கொஞ்சமும் தெளியவில்லை. கொண்டை ஊசி வளைவில் பின்னால் பஸ் வருகிறதா, லாரி வருகிறதா என்று தெரியாமல் ஓட்டினேன். அதைவிட மோசம், ஏற்றத்தில் இன்ஜின் முக்கும்போது வண்டிக்குள் புகை வாடை. பின்சீட்டில் இருந்த அம்மாவுக்குத் தலைவலி, மகளுக்கு வாந்தி. மலைப்பாதை ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தோம்.

பின்பக்கம் செங்குத்தாக வெட்டின மாதிரி இருக்கிற பெட்டி வண்டிகள் ஓடும்போது வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறையும். சைலன்சர் புகை அங்கேயே சுழலும். டிக்கி கண்ணாடியைச் சுற்றி இடைவெளி இருந்தால் அந்தப் புகை உள்ளே இழுக்கப்படும். புகையின் வாடையாவது நமக்குத் தெரிகிறது. அதோடு சேர்ந்து வருகிற கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. கண்ணாடி மாற்றியதற்குப் பிறகு வண்டிக்குள் புகை வாடை, காரணம் இல்லாத தலைவலி என்று வந்தால் அதை அலட்சியப்படுத்தாதீர்கள். வண்டியை ஓரம் கட்டி எல்லோரையும் காற்றாட இறங்கச் சொல்லுங்கள். சரிசெய்யும் வரை அந்த வண்டியில் குழந்தைகளை ஏற்ற வேண்டாம்.

திரும்பி வந்து கடைக்குப் போனேன். "பழைய வண்டிதானேண்ணா, பாடியிலயே லீக் இருக்கும், கண்ணாடிய குறை சொல்லாதீங்க" என்றார். பிறகு கையில் இருந்த டியூபை எடுத்து, வெளிப்பக்கமாக விளிம்பைச் சுற்றி இன்னொரு கோடு சிலிக்கான் இழுத்துவிட்டு, "எதுக்கும் 500 குடுத்துருங்க" என்றார். கொடுக்கவில்லை. டீஃபாகர் பற்றிக் கேட்டதற்கு வயரிங்கில் கோளாறு, எலக்ட்ரீஷியனைப் பாருங்கள் என்று கை காட்டினார். எதைக் கேட்டாலும் பதில் அந்த ஒரே வார்த்தைதான், பழைய வண்டி.

நண்பர் சொல்லி, ரொம்ப வருடமாகக் கண்ணாடி வேலை மட்டும் பார்க்கிற ஒரு பெரியவரிடம் போனேன். அவர் முதலில் செய்தது, கீழ் மூலையில் இருந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்தது. "தம்பி, கம்பெனி பேரு ஸ்டிக்கர்ல வராதுங்க, கண்ணாடியிலயே இருக்கும்" என்றார். பாதுகாப்புக் கண்ணாடியில் தயாரித்தவர் பெயர், டஃபன்ட் என்ற குறிப்பு, ஐ.எஸ். 2553 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை எல்லாம் தேய்த்தாலும் போகாதபடி கண்ணாடியிலேயே பதிந்திருக்கும். ஸ்டிக்கருக்குக் கீழே டஃபன்ட் என்ற ஒரு வார்த்தை மட்டும்தான் இருந்தது. பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை.

பிறகு டீஃபாகர் வயர் வந்து சேர்கிற இடத்தைக் காட்டினார். கண்ணாடியின் இரண்டு பக்கமும் சின்ன உலோக நாக்கு இருக்கும், அதில்தான் வயரைச் சொருகுவார்கள். மாட்டும்போது இடது பக்க நாக்கு உடைந்திருக்கிறது. அதை ஃபெவிக்விக் மாதிரி பசையில் ஒட்டி வயரை மாட்டி மூடிவிட்டார்கள். பார்த்தால் சரியாக இருக்கும், கரண்ட் போகாது. பெரியவர் விரலால் லேசாகத் தொட்டதும் நாக்கு வயரோடு கையில் வந்துவிட்டது, அடியில் வெள்ளையாகப் பசை படிந்திருந்தது. வயரில் டெஸ்ட் லேம்ப் வைத்தார், பளிச்சென்று எரிந்தது. வயரிங்கில் ஒரு கோளாறும் இல்லை.

கண்ணாடியைக் கழற்றுவதற்கு அவர் சிரமப்படவே இல்லை. ஒரு மூலையில் கத்தியை விட்டு இழுத்ததும் சிலிக்கான் ரப்பர் பேண்ட் போல நீளமாக உரிந்து வந்தது. அதற்குக் கீழே பழைய பசையின் மிச்சமும் மண்ணும், கீழ் விளிம்பு முழுக்கப் புதுத் துருவும். சிலிக்கான் பட்ட இடத்தில் வேறு எந்தப் பசையும் பிடிக்காது. அதனால் விளிம்பு முழுவதையும் சுரண்டி, துருவைத் தேய்த்து எடுத்து, பிரைமரும் பெயின்டும் அடித்துக் காயவிட்டு, அதற்குப் பிறகுதான் புதுக் கண்ணாடியை பி.யு. சீலண்டில் ஒட்டினார். முதல் கடையில் ஒழுங்காகச் செய்திருந்தால் தேவையே இல்லாத வேலை. எல்லாம் சேர்த்து முதல் கடைக்குக் கொடுத்ததைவிட அதிகமாகவே ஆனது. கூலியை நான் குறை சொல்ல மாட்டேன், அத்தனை உழைப்பு அதில் இருந்தது. டிரிம்மைக் கழற்றி, உள்ளே கிடந்த கண்ணாடித் துண்டுகளை வாக்யூமில் உறிஞ்சி எடுத்து என்னிடம் காட்டவும் செய்தார்.

ஒட்டி முடித்ததும் உடனே ஓட்ட விடவில்லை. அந்தச் சீலண்ட் எத்தனை மணி நேரத்தில் ஓட்டத் தயாராகும் என்று டியூபிலேயே போட்டிருக்கும், அதைப் படித்துக் காட்டினார். அடுத்த இரண்டு நாளைக்குத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டாம், கதவைச் சாத்தும்போது ஒரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே அடைபடும் காற்று ஈரப் பசையைத் தள்ளிவிடும் என்றும் சொல்லி அனுப்பினார். முதல் கடையில் இப்படி ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. நீங்கள் போகிற கடையில் இதைப் பற்றி வாயே திறக்காவிட்டால் நீங்களாகவே கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வண்டியை விடாதீர்கள்.

வேலை முடிந்ததும் பாக்கிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் டீஃபாகரைச் சோதித்துவிடுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, உள்ளேயிருந்து கண்ணாடியில் வாயால் ஊதி, சுவிட்சைப் போட்டால் கோடு கோடாகத் தெளிய ஆரம்பிக்கும். தண்ணீர்ச் சோதனையைச் சீலண்ட் காய்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். ஹோஸில் மேலிருந்து மெதுவாகத் தண்ணீர் விட்டு, உள்ளே ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். அந்தச் சோதனை பணம் கொடுத்த பிறகுதான் நடக்கும் என்பதால், ஒழுகினால் திரும்பச் செய்து தருவதாக முன்கூட்டியே பில்லில் எழுதி வாங்க வேண்டும். சும்மா கறுப்பு ஃபிலிம் ஒட்டித் தருகிறேன் என்று எனக்கும் ஆசை காட்டினார்கள். பின்கண்ணாடி வழியாகக் குறைந்தது 70 சதவீத வெளிச்சம் போக வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 100. கறுப்பு ஃபிலிமுக்கு 2012ல் உச்ச நீதிமன்றமே தடை போட்டிருக்கிறது. அபராதம் கட்டப்போவது கடைக்காரர் இல்லை, நாம்.

எனக்குக் கிடைத்த பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு தொகை போட்டிருந்தது, ஜிஎஸ்டி எண் இல்லை. எண் இல்லாதவர் ஜிஎஸ்டி வாங்கவே கூடாது. அது 15 எழுத்தும் எண்ணும் கலந்தது, தமிழ்நாட்டுக் கடை என்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் கடையின் பெயர் வந்துவிடும். பில்லில் கண்ணாடி தயாரித்தவர் பெயர், டீஃபாகர் உண்டா இல்லையா, என்ன சீலண்ட் என்று மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். "பின்கண்ணாடி 1" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் நாளைக்கு எதையும் நிரூபிக்க முடியாது.

நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸும் அனுப்பியாகிவிட்டது. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம், நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். நோட்டீஸ் கிடைத்த பிறகு கடைக்காரர் போன் செய்து, அந்தப் பழைய கண்ணாடியைக் கொண்டு வந்து கொடுங்கள், பணத்தில் கொஞ்சம் திருப்பித் தருகிறேன் என்றார். கொடுக்க மறுத்துவிட்டேன். ஒட்டவைத்த அந்த நாக்கும் உரித்த ஸ்டிக்கரும் அந்தக் கண்ணாடியோடு என்னிடம் இருக்கின்றன. பெரியவர் கழற்றும்போது எடுத்த வீடியோவும் இருக்கிறது. இதே மாதிரி உங்களுக்கும் நடந்திருந்தால் கழற்றிய கண்ணாடியை எந்தக் கடையிலும் விட்டுவிட்டு வராதீர்கள், சாக்கில் சுற்றியாவது வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள்.