மூன்றாவது அச்சும் போச்சு: பழைய கியர் சைக்கிளுக்குச் செலவு செய்யலாமா?

இரண்டு மாதத்துக்கு முன்னால், மருதமலை அடிவாரத்துக்குச் சற்று இந்தப் பக்கம், என் கியர் சைக்கிளின் பின் அச்சு மூன்றாவது முறையாக உடைந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. மிதித்துக்கொண்டிருக்கும்போது 'டிக்' என்று ஒன்று. அப்புறம் பின் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து பிரேக் கட்டையில் உரச ஆரம்பித்தது. சீட்டைப் பிடித்துப் பின்பக்கத்தைத் தூக்கியபடி வடவள்ளி வரை தள்ளிக்கொண்டு வந்தேன்.

அந்த வாரம் பார்த்து அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார்: "என்கிட்டயும் உங்களுது மாதிரியே ஒண்ணு பழசாக் கிடக்கு. செலவு பண்ணி ஓட்டலாமா, புதுசு வாங்கிடலாமா?" அன்று நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. கோபம் கொஞ்சம் தணிந்தபின் எழுதுவது இது.

வண்டி 2014-ல் வாங்கியது, 9,800 ரூபாய். 26 அங்குலச் சக்கரம், 21 கியர், முன்னால் ஸ்பிரிங் ஃபோர்க், ரிம் பிரேக். அந்த விலைக்கு அப்போது எல்லோரும் வாங்கிய வண்டிதான். பிரேமில் 'மவுண்டன் பைக்' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. அது பார்த்த ஒரே மலை மருதமலை, அதுவும் தார் ரோட்டில். மற்ற நாளெல்லாம் காய்கறி, மகளின் டியூஷன், ஞாயிற்றுக்கிழமை சிறுவாணி ரோடு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்னால் 24 பல், பின்னால் 28 பல் போட்டால், பெடலை ஒரு முழுச் சுற்று மிதித்தாலும் சக்கரம் ஒரு சுற்று முழுதாகச் சுற்றாது. அவ்வளவு லேசான கியர். ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றை எதிர்த்து ஆலாந்துறைப் பக்கம் போனவர்களுக்கு இதன் அருமை தெரியும். பக்கத்தில் ஒல்லி டயர் வண்டிக்காரர்கள் எழுந்து நின்று மிதிப்பார்கள். நான் உட்கார்ந்தபடி பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போவேன். மெதுவாகத்தான், ஆனால் போவேன். பின்னால் கியர் மாற்றுகிற ஷிமானோ டூர்னி, இருப்பதிலேயே கீழ்த்தட்டு வகை, இத்தனை வருடத்தில் இரண்டு கேபிள் கேட்டதோடு சரி. முன் ஃபோர்க்கைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. மூன்றாம் வருடமே ஸ்பிரிங் துருப்பிடித்து இறுகிவிட்டது. இப்போது அது வெறும் இரும்புக் கனம்.

சரி, அச்சுக்கு வருவோம்.

என் அப்பாவிடம் ஒரு கருப்புச் சைக்கிள் இருந்தது. கேரியரில் பருத்திக்கொட்டை மூட்டை, முன் பாரில் நான். எனக்குத் தெரிந்து முப்பது வருடத்தில் அதன் பின் அச்சு ஒரு தடவைகூட உடைந்ததில்லை. அப்படியிருக்க 21 கியர் வைத்த வண்டிக்கு மட்டும் ஏன்? இரண்டாவது முறை உடைந்தபோதுதான் கடையில் உட்கார்ந்து கவனித்தேன்.

சக்கரத்தின் நடுவே இருக்கிற உருளைதான் ஹப். அதற்குள் அச்சைத் தாங்குவது இரண்டு பக்கமும் இருக்கிற பால்ஸ், அதாவது இரும்புக் குண்டுகள். அப்பாவின் சைக்கிளில் ஒரே ஒரு பல்சக்கரம். அது ஒல்லியானது, அதனால் வலது பக்கப் பால்ஸுக்கும் அச்சை நட்டுப் போட்டு இறுக்குகிற இடத்துக்கும் நடுவே அதிக இடைவெளி இல்லை. என் வண்டியில் ஏழு பல்சக்கரம் சேர்ந்த ஃப்ரீவீலை ஹப்பின் மேல் மரையில் திருகி வைத்திருக்கிறார்கள். பால்ஸ் ஹப்புக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அதற்கு வெளியே மூன்று சென்டிமீட்டருக்கும் மேல், அந்த ஏழு பல்சக்கரங்களின் அகலம் முழுக்க, அச்சு எந்தத் தாங்கலும் இல்லாமல் நிற்கிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தத் துண்டுதான் வளையும். வளைந்து வளைந்து ஒருநாள் விட்டுவிடும்.

இதற்கு மாற்று எப்போதோ வந்துவிட்டது. பல்சக்கரங்களைத் தாங்குகிற பாகத்தை ஹப்போடு சேர்த்தே செய்து, வலது பக்கப் பால்ஸை அதன் வெளி ஓரத்துக்குத் தள்ளிவிடுவது. அதன் மேல் பல்சக்கரங்களை ஒரே அடுக்காகச் செருகிக்கொள்ளலாம்; அந்த அடுக்குக்குத்தான் கேசட் என்று பெயர். ஷிமானோ இந்த ஃப்ரீஹப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1978-ல். என் வண்டி 2014-ல் வாங்கியது. முப்பத்தாறு வருடம்! ஸ்டிக்கருக்குச் செலவு செய்த காசில் பாதியை ஹப்புக்குப் போட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

நியாயமாகப் பேசினால் என் மேலும் தப்பு இருக்கிறது. நான் 86 கிலோ. வாங்கிய மறுநாளே கடையில் சொல்லிக் கேரியர் மாட்டினேன். மாதம் ஒரு 25 கிலோ அரிசிச் சிப்பம் அதில்தான் வரும். கேரியர் மாட்ட ஓட்டையே இல்லாத பிரேமில் கிளாம்ப் போட்டு மாட்டியது. கம்பெனிக்காரன் இதற்கா செய்தான் என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் இந்த ஊரில் ஒரு சைக்கிளை அரிசி தூக்காமல் வேறு எதற்கு வாங்குவார்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

அச்சின் விலை நூற்றைம்பது ரூபாய்கூட இல்லை. கொடுமை அதை மாற்றுவதில் இருக்கிறது. ஃப்ரீவீலைக் கழற்றினால்தான் அந்தப் பக்கத்துப் பால்ஸையும் அதை அழுத்திப் பிடிக்கிற கோனையும் ஒழுங்காகத் துடைத்து கிரீஸ் வைக்க முடியும். அதுவோ மிதிக்க மிதிக்க இறுகுகிற மரை. 2017-ல் முதல்முறை உடைந்தபோது, கழற்றும் டூலை வைஸில் பிடித்துவிட்டு, சக்கரத்தையே லாரி ஸ்டியரிங் மாதிரி இரண்டு பேர் பிடித்துத் திருப்பினோம். இரண்டாவது முறை வேறொரு கடை. அங்கே டூல் இல்லை. "அதெல்லாம் எதுக்குங்க" என்று உளியை வைத்து அடித்தார்கள். ஃப்ரீவீல் இரண்டாகக் கையில் வந்தது. அதற்கும் காசு நான்தான் கொடுத்தேன்.

ஆகவே இந்த முறை புதுசு வாங்கிவிடுவது என்றே கிளம்பினேன். மூன்று கடை பார்த்தேன். பன்னிரண்டிலிருந்து பதினைந்தாயிரத்துக்குள் அழகழகான வண்டிகள். டிஸ்க் பிரேக், புஷ்டியான டயர், 29 அங்குலச் சக்கரம். ஒன்றை ஓட்டியும் பார்த்தேன். குழியில் இறங்குவதே தெரியவில்லை. பிரேக் விரல் பட்டால் நிற்கிறது. மனசு அங்கேயே போய்விட்டது. அப்புறம் குனிந்து பின் சக்கரத்தைப் பார்த்தேன்.

பார்ப்பது எப்படி என்று நண்பருக்காக எழுதுகிறேன். சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு பல்சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். நடுவே டூல் மாட்டுகிற வளையம் பல்சக்கரத்தோடு சேர்ந்து சுற்றினால் அது கேசட். பல் மட்டும் சுற்றி, அந்த வளையம் அப்படியே நின்றால் பழைய திருகு ஃப்ரீவீல். நான் பார்த்த அத்தனை வண்டியிலும் வளையம் நின்றது. "சார், டிஸ்க்கைப் பாருங்க சார்" என்றார் கடைப் பையன். நான் தரையில் உட்கார்ந்து பின் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருந்தது அவருக்குக் கவலையாக இருந்திருக்கும். கேசட் உள்ள வண்டி அந்தக் கடைகளில் 28,000-க்கு மேல்தான் ஆரம்பித்தது. பதினைந்தாயிரம் கொடுத்து நான்காவது அச்சை உடைப்பதில் எனக்கு விருப்பமில்லை.

இந்த வகை வண்டி பிறந்த கதையும் அப்போது நினைவுக்கு வந்தது. 1976-ல் கலிபோர்னியாவில், தமால்பைஸ் மலைக்குப் பக்கத்தில், சிலர் பழைய கனமான சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மண் பாதையில் இறக்கிப் பந்தயம் விட்டார்கள். ஒருமுறை இறங்கினாலே பின் ஹப் பிரேக்கின் கிரீஸ் புகைந்து போய்விடும். கழற்றிப் புதுசாக அடைக்க வேண்டும். பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது அதனால்தான். பின் ஹப்பைக் கழற்றி மாட்டுவது இந்தப் பரம்பரைக்குப் புதிதில்லை என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

வழக்கமான கடை அண்ணாவிடம் பின் சக்கரத்தை மட்டும் புதிதாகக் கட்டச் சொன்னேன். 36 ஓட்டை கேசட் ஹப், இரட்டைச் சுவர் ரிம், கம்பி, ஏழு பல்சக்கரக் கேசட், செயின், கோட்டம் எடுத்த கூலி எல்லாம் சேர்த்து 5,150. பழைய ஹப்பும் 135 மில்லிமீட்டர் அகலம், இதுவும் அதே, பிரேமில் அப்படியே உட்கார்ந்தது. எட்டு, ஒன்பது பல்சக்கரத்துக்கான ஹப்பில் ஏழு பல்சக்கரக் கேசட் போட்டால் பின்னால் நாலரை மில்லிமீட்டர் வளையம் ஒன்று வைக்க வேண்டும்; அது இல்லாமல் மாட்டிவிட்டுக் கேசட் ஆடுகிறது என்று புலம்பாதீர்கள்.

செயின் எப்படியும் மாற்ற வேண்டியதுதான். மகளின் ஸ்கேலை வைத்து அளந்தேன். புதுச் செயினில் ஆணிக்கு ஆணி அளந்தால் பன்னிரண்டு அங்குலம் சரியாக வரும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயினை மட்டும் மாற்றலாம். எட்டில் ஒரு பங்கு நீண்டுவிட்டால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். என்னுடையது எட்டில் ஒரு பங்கையும் தாண்டியிருந்தது. நண்பரே, நீங்களும் முதலில் இதை அளந்துவிட்டு அப்புறம் கணக்குப் போடுங்கள். வண்டி பிரேம் நன்றாக இருந்து, உங்கள் எடை அறுபதுக்குள், கேரியரும் இல்லை என்றால், அந்த நூற்றைம்பது ரூபாய் அச்சோடு இன்னும் நாலு வருடம் ஓட்டலாம். ஐயாயிரம் எல்லாம் வேண்டாம்.

புதுச் சக்கரம் மாட்டி ஒரு மாதம் ஆகிறது. பின்பக்கம் சத்தமே இல்லை. சிப்பம் ஏற்றியும் பார்த்துவிட்டேன், அசையவில்லை. ரொம்ப வருடம் கழித்து இந்த வண்டியை ஆசையாக ஓட்டினேன், ஒரு வாரம். பின்பக்கம் அமைதியானதும் வேறொன்று கேட்க ஆரம்பித்துவிட்டது: வலது காலை மிதிக்கிறபோதெல்லாம் பெடல் அச்சிலிருந்து ஒரு 'டக்'. இத்தனை நாளும் இருந்திருக்கும். இப்போது வேறெதுவும் காதில் விழுவதில்லை. டக். டக். ஆலாந்துறை வரை டக்.

இந்த வாரம் கேட்டால், யாருக்கும் இந்த வண்டியைச் சிபாரிசு செய்ய மாட்டேன். நேற்று அதைக் காட்டத்தான் கடைக்குப் போனேன். ஆட்டிப் பார்த்துவிட்டு, "கப்பு தேஞ்சு போச்சுங்க, அறுநூறு ஆகும்" என்றார் அண்ணா.

"இதை அப்படியே எடுத்துக்கிட்டா எவ்ளோங்கண்ணா தருவீங்க?"

"ரெண்டாயிரம் தரலாங்க."

"பின் சக்கரமே அஞ்சாயிரத்து நூத்தம்பதுங்கண்ணா. நீங்கதான் கட்டுனீங்க."

"அதனாலதான் ரெண்டாயிரம். இல்லீன்னா எண்ணூறு."

வண்டி அவர் கடையில்தான் நிற்கிறது. சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.