நீலப் பூச்சுக்குள் உக்கிய மரம்: ஃபைபர் வள்ளம் திருத்தக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

மட்டக்களப்பில் பழைய ஃபைபர் வள்ளத்தை வீட்டு வளவில் வைத்துத் திருத்திக்கொண்டிருப்பவர்கள், இயந்திரம் மாட்டும் பின்பலகையை வெளி ஆளிடம் ஒப்படைப்பதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள். என்னிடம் 85,000 ரூபாய் வாங்கிய ஒருவர், உக்கிப்போன மரத்தை உள்ளே அப்படியே விட்டு, மேலே நீலம் பூசி ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த வள்ளத்தோடு முகத்துவாரத்தைத் தாண்டியிருந்தால் இயந்திரமும் போயிருக்கும், ஆளும் போயிருக்கலாம்.

வள்ளம் என் மாமாவுடையது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்த பதினெட்டடி வள்ளம். அந்தக் காலத்தில் அவசர அவசரமாக வார்த்துக் கொடுத்த வள்ளங்களில் பல தரம் கெட்டவை என்பது கரையில் உள்ள எல்லோருக்கும் தெரியும். இது தப்பிப் பிழைத்த ஒன்று. மாமா தொழிலை விட்ட பிறகு நாவலடியில் தென்னைகளுக்குக் கீழே கவிழ்ந்து கிடந்தது. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, கல்லடியில் எங்கள் வளவுக்குக் கொண்டுவந்தோம்.

உடல் வேலையை நானே செய்தேன். கச்சான் காற்று வீசும் மாதங்கள்தான் அதற்குத் தோதானவை. மழை இல்லை, ஈரம் இழுத்த ஃபைபர் நன்றாக உலரும். அடிப்பக்கத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்த இடங்களைக் கிரைண்டரால் திறந்து, நல்ல தண்ணீரால் கழுவி, வாரக்கணக்கில் காயவிட்டுத்தான் மேட் என்ற கண்ணாடி நார் விரிப்பை ஒட்டினேன். தூசிக்கு முகமூடி போட்டும் கண்ணாடி நார் கழுத்தில் ஏறி அரித்தது. கொடியில் காய்ந்த துணிகளிலும் ஏறியதால் வீட்டில் எனக்கு நல்ல பெயர் இல்லை. பரவாயில்லை, உடல் இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை.

பின்பலகை வேறு கதை. அதற்குள் மரம் இருக்கிறது. வெளியே ஒரு ஃபைபர் தோல், உள்ளே ஒரு ஃபைபர் தோல், இரண்டுக்கும் நடுவே பிளைவுட். இயந்திரத்தின் ஆணித் துளை வழியாகவும், அடியில் தண்ணீர் திறந்துவிடும் தக்கைத் துளை வழியாகவும் உப்புத்தண்ணீர் உள்ளே போனால் மரம் உக்கும். வெளித்தோலில் ஒன்றும் தெரியாது. முறையான திருத்தம் என்றால் உட்பக்கத் தோலை வெட்டி எடுத்து, உக்கிய மரம் முழுவதையும் சுரண்டி, உலரவிட்டு, கடற்பாவனைக்குரிய பிளைவுட்டை அடுக்காக ரெசின் என்ற இறுகும் பிசினில் ஒட்டி, பக்கச் சுவர்களோடு மேட்டும், கண்ணாடி நாரில் நெய்த ரோவிங் துணியும் படிப்படியாக ஏற்றிக் கட்ட வேண்டும். ஒட்டி முடித்த பலகை நாற்பது மில்லிமீட்டர் அளவுக்குத் தடிப்பாக இருக்க வேண்டும். இருவர் பிடித்து இறுக்க வேண்டிய வேலை. அதனால்தான் ஆள் தேடினேன்.

ரெசின் வாங்கிய கடையில்தான் அந்த ஃபைபர் பாஸை, அதாவது ஃபைபர் வேலைக்காரரை, சொன்னார்கள். வந்தார், பலகையைத் தட்டிப் பார்த்தார், "முழுக்க மாற்ற வேண்டும் தம்பி" என்று அவரே சொன்னார். பொருளுக்கு 50,000 முன்பணம், கூலி 35,000. கடற்பிளைவுட்டுக்கு என்று தனியாகக் கணக்கும் எழுதிக் காட்டினார். பொருளை நானே வாங்கித் தருகிறேன் என்றதற்கு, "நீங்கள் யோசிக்க வேண்டாம், எனக்கு விலை குறைத்துத் தருவார்கள்" என்றார்.

நான் கந்தோருக்குப் போன நேரமாகப் பார்த்துத்தான் வேலை நடந்தது. வீட்டில் அம்மா மட்டும். சனிக்கிழமை வாருங்கள், நானும் கூட நிற்கிறேன் என்று சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமை மாலை வீடு வந்தபோது பலகை மூடப்பட்டு, நிறம் கலந்த ரெசின் மேற்பூச்சான ஜெல்கோட்டும் பூசியாகிவிட்டது. நீலம் பளபளத்தது. ஏன் இந்த அவசரம் என்று கேட்டதற்கு, "வெயில் நல்லது, விட மனம் வரவில்லை" என்றார். மீதிக் காசை வாங்கிக்கொண்டு போனார். போகும்போது, ரெசினை இறுகவைக்கக் கலக்கும் கோபால்ட் போத்தலையும் ஹார்ட்னர் போத்தலையும் ஒரே வாளிக்குள் போட்டு விறாந்தையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அவை இரண்டும் நேரடியாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். அதை அறியாதவர் ரெசின் வேலைக்கு வரவே கூடாது.

நாட்கள் கடந்தும் அந்த நீலத்திலிருந்து ரெசின் மணம் போகவில்லை. வாவியில் இறக்கி, 15 குதிரைவலு இயந்திரத்தை மாட்டி, பழைய பாலத்துப் பக்கம் மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். வேகம் கூட்டியபோது இயந்திரத்தின் தலை பின்னுக்குச் சாய்ந்தது. உடனே குறைத்துக் கரை சேர்ந்தோம். ஆணிகளைச் சுற்றி மயிரிழை வெடிப்புகள் வளைந்து ஓடியிருந்தன.

தக்கைத் துளைக்கு அருகே உட்பக்கமாகச் சிறு துரப்பணம் போட்டேன். முதலில் பழுப்புத் தண்ணீர் வடிந்தது, புளித்த மணத்தோடு. துரப்பண முனையில் சுற்றிக்கொண்டு வந்தது மரமல்ல, ஊறிய தேயிலைச் சக்கையைப் போன்ற கறுப்புக் கூழ். அதாவது கீழ்ப்பகுதி மரத்தை அவர் தொடவேயில்லை. பிறகு மேற்பகுதியைக் கிரைண்டரால் திறந்தேன். ஒரேயொரு அடுக்கு மேட்; ரோவிங் துணி இல்லை. அதற்குக் கீழே வாகன ஒடுக்குகளை நிரப்பப் பூசும் பட்டி, விரல் தடிப்பில். தண்ணீரில் நிற்கும் இடத்தில் அந்தப் பட்டி ஈரத்தை இழுக்கும். பட்டிக்கும் கீழே துண்டு துண்டாகச் சொருகிய மெல்லிய பிளைவுட். அதில் ஒரு துண்டில் அம்புக்குறி, பக்கத்தில் கறுப்பு மையில் ஒரு கண்ணாடிக் கிண்ணப் படம். ஏதோ உடையும் பொருள் வந்த பெட்டியின் பலகை! கடற்பிளைவுட் என்று நான் காசு கொடுத்தது இதற்குத்தான்.

தொலைபேசியில் அழைத்தேன். "பழைய வள்ளம் என்றால் அப்படித்தான் தம்பி, உங்கள் இயந்திரம் பாரம் கூட" என்றார். அந்த வள்ளத்தில் மாமா அதே அளவு இயந்திரத்தைத்தான் வருடக்கணக்கில் ஓட்டினார். படங்களை அனுப்பினேன். அதன் பிறகு அழைப்பை எடுப்பதில்லை. கடைக்காரரோ ஆளை அறிமுகப்படுத்தியது மட்டும்தான் தன் வேலை என்கிறார்.

இப்படிப்பட்டவர்களுக்கு வசதியாக இருப்பது நிறம்தான். நிறம் கலக்காத ரெசின் காய்ந்ததும் ஓரளவு ஊடுருவிப் பார்க்கலாம்; ரெசின் ஊறாத நாரும் சிக்கிய காற்றும் வெள்ளை வெள்ளையாகக் காட்டிக்கொடுக்கும். நிறம் விழுந்த பிறகு கடவுளுக்கும் தெரியாது. ஆகவே பின்பலகை வேலைக்கு ஆள் வைத்தால் மூன்று இடங்களில் வேலையை நிறுத்திப் பார்ப்பேன் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள்: பழைய மரம் முழுவதும் வெளியே வந்த பிறகு, புதிய பிளைவுட் ஒட்டிய பிறகு, நிறம் பூசுவதற்கு முன். ஒவ்வொன்றையும் பார்த்த பின்பே அடுத்த காசு. மறுக்கிற பாஸை அனுப்பிவிடுங்கள்.

ஏற்கெனவே பூசி முடித்திருந்தால், சிறிய சுத்தியலின் பிடியால் பலகை முழுவதும் தட்டுங்கள். ஒரே சீராக ‘டக் டக்’ என்று கேட்க வேண்டும். ஓரிடத்தில் ஒலி மங்கினால் அங்கே ஈரமோ வெற்றிடமோ இருக்கிறது. ரெசின் சரியாக இறுகியதா என்று அறிய, மேட் ஒட்டிய இடத்தை மெழுகு நீங்கத் தேய்த்து, அசிட்டோன் நனைத்த துணியால் துடையுங்கள், பிசுபிசுத்தால் இறுகவில்லை. எங்கள் வெயிலில் ரெசின் வாளியிலேயே இறுகிவிடும் என்று பயந்து ஹார்ட்னரைக் குறைத்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ரெசினின் எடையில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் ஹார்ட்னர் வேண்டும். ஒன்றுக்கும் கீழே போனால் எத்தனை நாள் வெயிலில் கிடந்தாலும் அது முழுமையாக இறுகாது. சூட்டுக்கு வழி, கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதும் காலையில் செய்வதும்தான். ரெசினையும் வேறு கேனில் ஊற்றி விற்பதை வாங்காதீர்கள். திகதி அச்சிட்ட, உடைக்காத கொள்கலனாகக் கேளுங்கள். நம் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மாதக்கணக்கில் கிடந்த ரெசினை நம்ப முடியாது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு பதிந்திருக்கிறேன். மத்தியஸ்த சபைக்கும் விண்ணப்பம் கொடுத்தாயிற்று. பற்றுச்சீட்டு இல்லை, ஆனால் அவர் கைப்பட எழுதிய பொருள் கணக்கு இருக்கிறது, வெட்டி எடுத்த துண்டுகளும் இருக்கின்றன. இப்போது வாழைச்சேனையிலிருந்து வயதான ஓடாவி ஒருவர் வந்து பின்பலகையை அடியோடு எடுத்துக்கொண்டிருக்கிறார். மரத்தை அவர் வெட்டுகிறார், ஃபைபரை நான் ஒட்டுகிறேன்.

அந்த ஆளின் பெயரையும் கடையின் பெயரையும் சபை விசாரித்து முடிக்கும்வரை இங்கே எழுதமாட்டேன். கல்லடி, நாவலடி, பாலமீன்மடுப் பக்கம் அண்மையில் நீல ஜெல்கோட் பூசிப் பின்பலகை மாற்றியவர்கள், கடலுக்குப் போவதற்கு முன் ஒரு தடவை தட்டிப் பார்த்துவிடுங்கள். ஒலி மங்கினால் எனக்கு அறிவியுங்கள். சபைக்கு ஒன்றாகப் போவோம்.