காந்தப்புலமா, காற்றா? உயிரைக் காப்பது எது?

விண்வெளிக் கதிர்களைத் திருப்பிவிடும் காந்தப்புலம் இல்லாவிட்டால் பூமியில் உயிரே இருந்திருக்காது என்பார்கள் ஒரு சாரார். காற்று மண்டலம்தான் முதல் காப்பு என்பார்கள் இன்னொரு சாரார். நீலகிரியில் இருந்து பார்த்தால் இரண்டு பக்கத்துக்கும் சாட்சி கிடைக்கிறது.

முதல் தரப்புக்குச் சாட்சி ஊட்டியின் கிரேப்ஸ்-3 ஆய்வகம். அங்கே இரண்டு மீட்டர் கான்கிரீட்டுக்கு அடியில், ஆறு மீட்டர் நீள இரும்புக் குழாய்கள் 3,712 அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. காஸ்மிக் கதிர்கள், அதாவது விண்வெளியில் இருந்து பாய்ந்து வரும் மின்னூட்டத் துகள்கள், காற்றில் மோதும்போது பிறக்கும் மியூவான்களை (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துகள்களை) அவை எண்ணுகின்றன. 2015 ஜூன் 22 அன்று சூரியன் உமிழ்ந்த பிளாஸ்மா (மின்னூட்டம் பெற்ற வாயு) மேகம் பூமியைத் தாக்கியபோது, சுமார் இரண்டு மணி நேரம் மியூவான்கள் வழக்கத்தைவிட அதிகமாகக் கொட்டின. காந்தப்புலம் சற்று நேரம் தளர்ந்ததால், வழக்கமாகத் திரும்பிப் போகும் துகள்களும் உள்ளே புகுந்துவிட்டன என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். காந்தக் கவசம் வேலை செய்கிறது என்பதில் சந்தேகமே இல்லை.

சரி, காற்றின் பங்கு? மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்கு ஏறுங்கள். காந்தப்புலம் ஏறக்குறைய அதேதான், ஆனால் மேலே காஸ்மிக் கதிர்வீச்சு சுமார் இரு மடங்கு. கடல்மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கு மேலும் ஒரு கிலோ காற்று நிற்கிறது; ஊட்டியில் சுமார் 800 கிராம். அந்தக் குறைவுக்கே இவ்வளவு வித்தியாசம். (குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் பயப்பட வேண்டாம், இரட்டித்தாலும் அது சிறிய அளவுதான்.) சுமார் 41,000 ஆண்டுகளுக்கு முன் காந்தப்புலம் பத்தில் ஒரு பங்காகச் சரிந்தபோதும் உயிரினங்கள் கூண்டோடு அழிந்துவிடவில்லை. கதிரைத் தடுப்பதில் என் ஓட்டு காற்றுக்கே.

அந்தக் காற்றைப் பிடித்து வைப்பது காந்தப்புலம்தானே என்று கேட்கலாம். செவ்வாய் தன் புலத்தை இழந்தது, காற்றையும் பெரும்பாலும் இழந்தது. ஆனால் சொந்தப் புலமே இல்லாத வெள்ளியில் காற்றழுத்தம் நம்மைப் போல் 90 மடங்கு. ஈர்ப்பு விசையைக் கணக்கில் சேர்க்காமல் தீர்ப்பு எழுத முடியாது.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது கருத்து. சுமார் 59 கோடி ஆண்டுகளுக்கு முன் காந்தப்புலம் இன்றைய அளவில் முப்பதில் ஒரு பங்காக இருந்ததைப் பாறைகள் காட்டுகின்றன. கண்ணுக்குத் தெரியும் அளவு பெரிய உயிரினங்கள் பரவியதும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். புலம் தளர்ந்ததால் நீரில் இருந்து பிரிந்த ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பி, ஆக்சிஜன் மிஞ்சி, பெரிய உடல்களுக்கு வழி பிறந்திருக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் பலவீனமான புலமே பரிணாமத்துக்குக் கைகொடுத்திருக்கிறது. காலம் பொருந்துவது மட்டும் போதாது. அவ்வளவு ஹைட்ரஜன் நிஜமாகவே வெளியேறியதற்கு இன்னும் தடயம் வேண்டும்.