எட்டிமான்லைன்: வேரைக் காட்டும், வாக்கியம் நாம்தான் தேட வேண்டும்

ஆங்கிலச் சொல் ஒன்று எங்கிருந்து வந்தது என்று தேடப் போனால் எப்படியும் எட்டிமான்லைன் தளத்தில்தான் போய் நிற்போம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த டக்ளஸ் ஹார்ப்பர் என்பவர் பெரும்பாலும் தனி ஆளாகத் தொகுத்தது. இலவசம். கணக்குத் தொடங்காமலே எல்லாவற்றையும் படிக்கலாம். இந்த மாதிரித் தளத்தை "சூப்பர், கட்டாயம் பாருங்கள்" என்று பொத்தாம்பொதுவாகப் புகழ்ந்துவிட்டுப் போவதில் யாருக்கும் லாபமில்லை, அதனால் ஒரே ஒரு வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு அதை வைத்தே தளத்தைச் சோதித்துப் பார்த்தேன். சொல்: ஹேபிச்சுவேட். அதாவது பழக்கப்படுத்து. நம் ஊரில் அலுவலகக் கடிதங்களில் "ஐ ஆம் ஹேபிச்சுவேட்டட் டு" என்று தாராளமாகப் புழங்குகிற சொல். இங்கிலாந்துக்காரர் சாதாரணப் பேச்சில் இவ்வளவு கனமான சொல்லை எடுக்கமாட்டார், "யூஸ்ட் டு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

பதிவைத் திறந்தால் நாலைந்து வரிதான். ஆங்கிலத்தில் 1520களில் வந்த சொல், லத்தீன் ஹபிடுவாரேயிலிருந்து எடுத்தது, அது ஹபிடுஸ் என்ற சொல்லிலிருந்து, ஹபிடுஸுக்கு நிலை, தோற்றம், நடத்தை, உடை என்று பல பொருள், அதற்கும் அடியில் இருப்பது ஹபேரே, அதாவது வைத்திரு, கொண்டிரு. அவ்வளவுதான், முடிந்தது. முதல் முறை வருகிறவர் "இதற்கா இவ்வளவு பேர்?" என்று மூடிவிட்டுப் போகக்கூடும். போகாதீர்கள், இந்தத் தளத்தின் ருசியே அதற்கு அடுத்த கிளிக்கில்தான் இருக்கிறது.

ஹபேரேக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்ட வேர்ச்சொல் இருக்கும், அதைத் தட்டினால் குடும்பம் மொத்தமும் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும். (நட்சத்திரம் என்றால் அந்த வடிவம் எந்த ஏட்டிலும் கிடைக்கவில்லை, உறவு மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டெடுத்தது என்று அர்த்தம்.) ஏபிள், ப்ரொஹிபிட், எக்ஸிபிட், இன்ஹாபிட், ட்யூட்டி, கடன் என்ற பொருள் தரும் டெட், எல்லாம் ஹேபிட்டின் பங்காளிகள். டெட் எப்படி என்றால், தே என்ற முன்னொட்டும் ஹபேரேயும் சேர்ந்தது, அடுத்தவனுடையதைத் தராமல் தன்னிடமே வைத்துக்கொள்வது. நோய் என்ற பொருளில் வரும் மாலடி கூட இங்கேதான் வருகிறது, மோசமான நிலையில் இருப்பது என்ற லத்தீன் தொடரிலிருந்து.

ஆனால் அந்தப் பட்டியலில் நாம் முதலில் எதிர்பார்க்கிற ஆளைக் காணோம். ஹேவ். லத்தீன் ஹபேரே, ஆங்கில ஹேவ், இரண்டுக்கும் ஒரே பொருள், காதுக்கும் கிட்டத்தட்ட ஒரே ஒலி. அண்ணன் தம்பி என்றுதானே நினைப்போம்? இல்லை. ஹபேரேயின் உண்மையான ஆங்கிலச் சொந்தம் கிவ், கொடு. ஹேவ் வேறு வீட்டுப் பிள்ளை, அதன் லத்தீன் சொந்தம் பிடி என்ற பொருள் தரும் கபேரே. காரணம், ஆங்கிலத்தின் முன்னோடியான ஜெர்மானிய மொழியில் பழைய "க்" ஒலி "ஹ்" ஆகிவிட்டது, லத்தீனில் கொம்புக்குக் கோர்னு என்றால் ஆங்கிலத்தில் ஹார்ன். அந்த விதிப்படி ஆங்கிலத்தில் "ஹ்" இருந்தால் லத்தீனில் "க்" இருக்க வேண்டும், லத்தீன் "ஹ்" ஆங்கிலத்தில் "க்" என்ற ஒலியின் மெல்லிய வடிவமாக வர வேண்டும், கிவ் அப்படித்தான் வருகிறது. இதில் நமக்கு மட்டும் ஒரு கூடுதல் சிரமம், ஹபேரே, கபேரே இரண்டின் வேரையும் தமிழில் எழுதினால் இரண்டுமே "கப்" என்றுதான் வரும், ஆகவே இந்த இடத்தைத் தளத்தில் ரோமன் எழுத்தில் பார்ப்பதே நல்லது.

இன்னொரு முடிச்சு. ஹேபிட் என்ற பெயர்ச்சொல் ஆங்கிலத்துக்குள் முதலில் வந்தது பழக்கமாக அல்ல, துணியாக. 13ஆம் நூற்றாண்டில் துறவிகளும் கன்னியாஸ்திரிகளும் உடுத்துகிற அங்கிக்குப் பெயர் அது, இன்றைக்கும் அந்த அங்கிக்கு அதே பெயர்தான். வெளியே உடுத்துவது, உடம்பின் நிலை, மனதின் போக்கு என்று நகர்ந்துதான் திரும்பத் திரும்பச் செய்வது என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தது. சரி, இது ஏதோ ஒரு சொல்லின் தனிக்கதை என்று விட்டுவிடலாம் என்று பார்த்தால், இதே வேலையைச் செய்கிற இன்னொரு வினை அக்கஸ்டம், அதற்குள் இருக்கும், வழக்கம் என்ற பொருள் தரும் கஸ்டமும் நாடகக்காரர்களின் காஸ்ட்யூமும் ஒரே லத்தீன் சொல்லிலிருந்து இரண்டு வழியாக வந்தவை. அங்கேயும் உடையும் பழக்கமும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. இதை யாரும் கட்டுரை எழுதி எனக்குச் சொல்லவில்லை, இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துத் தட்டிப் பார்த்ததில் தானாகக் கண்ணில் பட்டது, இந்த ஒன்றுக்காகவே நான் இந்தத் தளத்துக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.

அந்த அரையை ஏன் குறைத்தேன் என்றால், ஆண்டுகளைக் காட்டும் விதத்துக்காக. 1520கள் என்று போட்டிருப்பது எழுத்தில் கிடைத்த மிகப் பழைய சான்றின் காலம். அதற்கு முந்தைய நாள் வரை அப்படி ஒரு சொல்லே இல்லை என்று அர்த்தமில்லை. தளத்திலேயே வேறு பக்கத்தில் இதை விளக்கியிருக்கிறார்கள், ஆனால் பதிவைத் தேடி வருகிறவர் அந்தப் பக்கத்துக்கு எங்கே போகப்போகிறார்? அந்த முதல் சான்று எந்த நூலில், எந்த வாக்கியத்தில் இருக்கிறது என்பதும் பெரும்பாலான பதிவுகளில் கிடையாது. அது வேண்டும் என்றால் ஆக்ஸ்போர்டின் பெரிய அகராதிக்குத்தான் போக வேண்டும், அங்கே மேற்கோள்கள் நூற்றாண்டு வாரியாக அடுக்கியிருக்கும், ஆனால் சந்தா.

அப்புறம் பெரிய குறை, அதாவது இதைக் குறை என்று சொல்வதே நியாயமா என்று தெரியாத குறை: சொல்லை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு வரி கிடையாது. சொற்பிறப்பு வேறு, பொருள் விளக்கம் வேறு என்று ஹார்ப்பர் தளத்திலேயே எழுதி வைத்துவிட்டார், ஆகவே ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. ஆனால் நம் மாணவர்களுக்கு இடறுகிற இடமே அதுதான். ஹேபிச்சுவேட்டட் என்றால் பின்னால் "டு" தான் வரும், "வித்" வராது, "ஆஃப்" வராது. அந்த "டு"வுக்குப் பிறகு பெயர்ச்சொல் வர வேண்டும், இல்லை "இங்" சேர்த்த வடிவம் வர வேண்டும், "ஹேபிச்சுவேட்டட் டு ஸ்மோக்" என்பது தப்பு, "ஸ்மோக்கிங்" என்றுதான் எழுத வேண்டும். "யூஸ்ட் டு" இன்னும் மோசம், முன்னால் "ஆம், இஸ், வாஸ்" இருந்தால் பழகிப்போனது என்று பொருள், அது இல்லாமல் வெறும் வினையோடு வந்தால் முன்பு செய்துகொண்டிருந்தேன், இப்போது இல்லை என்று பொருள். இந்தச் சங்கதி எதுவும் எட்டிமான்லைனில் வராது. இதற்கு ஆக்ஸ்போர்டோ கேம்பிரிட்ஜோ மாணவர்களுக்காக நடத்துகிற இலவச இணைய அகராதி ஒன்றைப் பக்கத்து டேப்பில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், எடுத்துக்காட்டு வாக்கியங்களும் உச்சரிப்பும் அங்கே கிடைக்கும்.

இந்தச் சொல்லின் இன்றைய வாழ்க்கை பெரும்பாலும் அறிவியலில்தான் ஓடுகிறது, அதையும் பதிவில் தேடாதீர்கள். நரம்பியல் ஆய்வாளர் எரிக் காண்டெல் கடல் நத்தை வகையான அப்லிசியாவின் குழாயை மெல்லத் தொட்டுக்கொண்டே இருந்தார், முதலில் வெடுக்கென்று செவுளை உள்ளே இழுத்த பிராணி போகப் போக அலட்டிக்கொள்ளாமல் விட்டுவிட்டது, அந்த அலட்டிக்கொள்ளாமைக்குப் பெயர்தான் ஹேபிச்சுவேஷன். நினைவாற்றல் பற்றிய ஆய்வுகளுக்காக அவருக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது. உகாண்டாவின் ப்விண்டி காட்டில் மலைக் கொரில்லாக்களை மனித நடமாட்டத்துக்கு ஆண்டுக்கணக்கில் பழக்குவதற்கும் இதே சொல்தான், சாதாரணச் சுற்றுலாப் பயணிக்குக் கொரில்லாவோடு ஒரு மணி நேரம் என்றால், இன்னும் பழகி முடியாத கூட்டத்தைப் பார்க்கும் "ஹேபிச்சுவேஷன் அனுபவம்" என்ற விலை கூடிய சீட்டுக்கு நாலு மணி நேரம் வரை தருகிறார்கள்.

கைபேசியில் விளம்பரம் கொஞ்சம் கண்ணை உறுத்தும். காசு கட்டினால் போய்விடும், செயலியும் இருக்கிறது, ஆனால் எப்போதாவது பார்க்கிறவர்களுக்கு இலவசமே போதும். தமிழுக்கென்றால், திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத்தான் கிடக்கிறது, பர்ரோவும் எமனோவும் கொட்டிய உழைப்பு. ஆனால் இப்படி ஒரு சொல்லிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி விளையாட அதில் வழியில்லை, அந்தப் பொறாமை எனக்கு உண்டு.

ஹேபிச்சுவேட்டை முடித்தவர்கள் அடுத்து அடிக்ட் பதிவுக்குப் போங்கள். லத்தீனில் அடிக்டுஸ் என்றால் கடனைத் திருப்ப முடியாமல், நீதிபதியின் உத்தரவோடு கடன் கொடுத்தவன் கையில் ஒப்படைக்கப்பட்ட ஆள். அதற்குப் பக்கத்தில் டெட் பதிவையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அந்தச் சொல்லில் யாரும் உச்சரிக்காத "பி" எழுத்து எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்பதும் அங்கேயே இருக்கிறது.