பாஞ்சாலங்குறிச்சி: போனில் எழும்பும் மண்கோட்டை

ஓட்டப்பிடாரம் பக்கம் பாஞ்சாலங்குறிச்சி போகிறவர்களில் பாதிப் பேர் 1974-இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள், பக்கத்திலேயே கிடக்கும் பழைய கோட்டையின் அடித்தளத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அங்கே நின்று, போன் கேமரா காட்டும் இடத்தின் மேலேயே கணினி உருவத்தைப் பொருத்திக் காட்டும் ஏஆர் செயலி ஒன்றைத் திறந்தால், ஆங்கிலேயக் கும்பெனிப் படை தரைமட்டமாக்கிய கட்டபொம்மன் கோட்டை கண்முன் எழுகிறது. முழுக்க மண்கோட்டை. சுமார் 500 அடிக்கு 300 அடி, 12 அடி உயரச் சுவர், சுற்றிலும் முள்வேலி. கிட்டப் போனால் மண்பூச்சின் வெடிப்பு வரை தெரிகிறது. பீரங்கியைத் தாங்கி நின்றது இந்த மண்தானா என்று நெஞ்சு விம்மிவிட்டது.

ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டுவதால் சுவர் அடித்தளத்தில் உட்காராமல் நகர்கிறது. கேமரா கண்டுகொள்கிற மாதிரி அங்கேயே ஒரு குறிப்பலகை வைத்தால் சரியாகிவிடும்.

எனக்குப் பெரிய வருத்தம் வேறு. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799-இல். இடிந்த கோட்டையை 1801-இல் அவர் தம்பி ஊமைத்துரை திரும்ப எழுப்பினார், அந்த இரண்டாவது கோட்டைக்குச் செயலியின் விளக்கக் குரலில் ஒரே ஒரு வரிதான். அது போதவே போதாது, தனிக் காட்சியாகவே வரணும்.

அப்புறம், உச்சி வெயிலில் திரை தெரியாது, சாயங்காலமாப் போங்க.