காலாவதி ஃபிலிம்: கலரா, கறுப்பு வெள்ளையா?

போன வருடம் மதுரையில் ஒரு பழைய ஸ்டூடியோவை மூடியபோது அலமாரியில் கிடந்த ரோல்களை மொத்தமாக வாங்கினேன். 200 ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளியுணர்திறன்; எண் குறைந்தால் கூடுதல் வெளிச்சம் வேண்டும்) கலர் நெகட்டிவ் பத்து, 125 ஐஎஸ்ஓ கறுப்பு வெள்ளை பத்து. எல்லாவற்றிலும் 2008 என்றுதான் காலாவதி தேதி. ஒரே அலமாரியில் ஒரே வெயிலைத் தாங்கியவை என்பதால் இரண்டையும் நியாயமாக ஒப்பிட முடிந்தது.

விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டையும் குறிப்பிட்ட ஐஎஸ்ஓவுக்குக் கூடுதலாக வெளிச்சம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், என்பது பலரும் சொல்லும் கணக்கு. ரோலின் மேல் ஐஎஸ்ஓவைக் குறிக்கும் டிஎக்ஸ் கோடைத் தானாகப் படித்துக்கொள்ளும் கேமராக்களில் இது சிரமம். ஐஎஸ்ஓவைக் கையால் மாற்ற முடிகிற கேமரா வேண்டும்.

கலரை 50இல் வைத்து இரண்டு ரோல் எடுத்தேன். கலர் ஃபிலிமின் மூன்று அடுக்குகளும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. நிழலில் பச்சை ஏறியிருந்தது. ஸ்கேனில் அதைக் குறைத்தால் முகங்கள் சிவந்துவிட்டன. அந்த நிறத்துக்காகவே தேடி வாங்குகிறவர்கள் உண்டு. எனக்கு அம்மாவின் முகம் அம்மாவின் நிறத்திலேயே வேண்டும்.

நான் கறுப்பு வெள்ளைப் பக்கம் சாய்ந்ததற்கு முக்கியமான காரணம், அதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடிகிறது என்பதுதான். பத்தில் ஒன்றைப் பலி கொடுத்தேன். கொல்லையில் இருக்கும் முருங்கை மரத்தை 125, 64, 32, 16 என்று நான்கு விதமாக எடுத்து, ஐந்தாவதை லென்ஸ் மூடியோடு எடுத்தேன். அப்புறம் இருட்டில் அந்தத் துண்டை மட்டும் வெட்டி, ஐஸ் போட்டுத் தண்ணீரை 20 டிகிரிக்குக் கொண்டுவந்து கழுவினேன். மூடியோடு எடுத்த கட்டம், ஃபிலிமில் எவ்வளவு மூட்டம் (வெளிச்சம் படாமலே ஏறும் கருமை) படிந்திருக்கிறது என்று காட்டிவிட்டது. மரப்பட்டையின் வரிகள் 32இல்தான் தெளிவாக வந்தன. ஒரே பேட்ச் என்பதால் மற்ற ஒன்பதுக்கும் இதுவே கணக்கு. காலாவதி ஃபிலிமை ஒற்றை ரோலாக வாங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கலருக்கு இப்படிச் சோதிப்பதென்றால் லேபுக்கு அனுப்பி, புது ரோலுக்குக் கொடுக்கிற அதே கூலியைக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். வீட்டில் கழுவலாம்தான், ஆனால் 37.8 டிகிரி இம்மி பிசகாமல் நிற்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டும், அடுக்குகள் கெட்டிருப்பது தெரியவருமே தவிர அதைச் சரிசெய்ய வழியில்லை.

கறுப்பு வெள்ளை என்றாலும் 3200 மாதிரி வேகமான ரோல்களைத் தொடாதீர்கள். இயற்கைக் கதிர்வீச்சிலேயே அவற்றில் மூட்டம் ஏறிவிடும், ஃபிரிட்ஜில் வைத்தாலும் அது நிற்காது. ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ ரோல் ஒன்றும் போட்டுப் பார்த்தேன், நன்றாகவே வந்தது; ஒரே ரோல் என்பதால் அதை வைத்து உறுதி சொல்ல மாட்டேன். ஸ்லைடு ஃபிலிமில் எனக்கு அனுபவமே இல்லை.

கல்யாணம், காதுகுத்து என்றால் புது ரோலே வாங்குங்கள், திரும்ப எடுக்க முடியாத நாட்கள் அவை. மீதமிருக்கும் ஏழு கறுப்பு வெள்ளை ரோல்களும் இப்போது ஃபிரிட்ஜில் இருக்கின்றன. ஈரம் கோத்துக்கொள்ளும் என்பதால், ஒன்றை வெளியே எடுத்தால் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் டப்பாவைத் திறக்கிறேன்.